மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு பாக்கு

ரெனாகி என்ற பெயரைக் கொனியோ முதன்முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகள் ஹேனாவோ கதவு நிலையில் சாய்ந்து நின்று, துருவலில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"ரெனாகின்னு ஒருத்தர் இருக்கார்மா."

"இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

"ஹூலாக்காரர்."

"அந்த ஊர்க்காரன்னா மீன் பிடிக்கிறான்."

"இல்ல. கவர்மென்ட் வேலை. விலை எழுதுறார்."

"கடையில சீட்டு ஒட்டுற வேலையா?"

"அதில்லம்மா. கடை கடையா, மார்க்கெட் மார்க்கெட்டா போய் இது என்ன விலை, அது என்ன விலைன்னு கேட்டு நோட்டுல எழுதிக்குவார். நாட்டுல விலை ஏறுதா இறங்குதான்னு கவர்மென்ட்டுக்குத் தெரியணும்ல?"

"கேட்டுட்டு வாங்குவானா?"

"கொஞ்சம் வாங்குவார். எடை போட்டுப் பார்க்க."

"இதுக்குச் சம்பளமா! உன் பெரியம்மா நாப்பது வருஷமா இதைச் சும்மா செய்யுறாளே, அவளுக்கு யாரும் ஒரு தோயா காசு கொடுக்கலையே."

கொனியோவுக்கு ஆளை விசாரிப்பது என்றால் வேலையை விசாரிப்பதல்ல, வேரை விசாரிப்பது. சம்பளம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். தாயைப் பெற்றவள் மாறமாட்டாள். மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். கொனியோவின் பெரியப்பா ஒரு காலத்தில் படகில் சட்டிபானை ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்க் காற்றில் மாட்டிக்கொண்டாரே, அப்போது அவருக்கு ஒரு மாதம் சோறு போட்டவள்தான் ரெனாகியின் தாயைப் பெற்றவள். அப்பன் கெனோ சர்ச்சில் உதவிக்காரர், பொய் சொல்லமாட்டார், அந்த ஒரு காரணத்தாலேயே ஊரில் பாதிப் பேருக்கு ஆகாதவர். அண்ணன்மார் மூன்று பேரும் மீன்பிடிப்பவர்கள். இவன் ஒருவனுக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாட்டின் பொருளாதாரம் இப்படித்தான் அவன் கைக்கு வந்து சேர்ந்தது.

பரிசம் போட வந்த அன்று ஹூலாக்காரர்கள் மூங்கில் கழிகளில் நோட்டுகளைத் தோரணமாகக் கட்டித் தூக்கி வந்தார்கள். நாற்பதாயிரம் கினா, அறுபது மூட்டை அரிசி, இருபது மூட்டை சர்க்கரை, வாழைத்தார் எண்ணிக்கையில் அடங்கவில்லை. ரெனாகியின் அம்மா மூக்கைச் சிந்தினாள். "எனக்கு ஐயாயிரம்தான் போட்டாங்க. என்கிட்ட என்ன குறை இருந்துச்சு?" என்றாள். கொனியோவின் புருஷன் மொரேயா மாப்பிள்ளைப் பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"விலை எழுதுறவரே, பொண்ணு விலை இந்த ஏத்தம் ஏறியிருக்கே, இதை எழுதுவீங்களா?"

"இது ஆபீஸ் பட்டியல்ல இல்ல மாமா. இருந்திருந்தா நாடு தாங்காது" என்றான் ரெனாகி, தலையைக் குனிந்துகொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அன்றோடு அந்தப் பெயர் கொனியோவின் வாய்க்கு விலக்கு. மாமியார் மருமகன் பெயரைச் சொல்வாளா? "மாப்பிள்ளை" என்பாள், "ஹேனாவோ வீட்டுக்காரர்" என்பாள், ஆத்திரம் வந்தால் "அந்த மனுஷன்" என்பாள். அவ்வளவுதான்.

கல்யாணமான ஆறாம் மாதம் ரெனாகிக்குத் தலைநகரான மோர்ஸ்பியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பொறுப்பு வந்தது. தோளில் சின்னத் தராசு, கையில் நீல அட்டை நோட்டு, காலில் ஷூ. மார்க்கெட்டில் ஷூ போட்டு வருகிறவன் இரண்டே வகை. ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் வரி போட வருகிறவன். முதல் நாள் ஒருத்தி அவனிடம் காது கேளாதவள்போல நடித்தாள். இரண்டாம் நாள் ஒருத்தி மீன் குடலை எடுத்து வீசினாள். மூன்றாம் நாள் அவன் சட்டையில் செதிலோடு கொனியோவின் பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

கொனியோ பாக்கு விற்பவள். விடியும் முன்பே மேற்கே இருந்து லாரியில் வரும் மூட்டையைப் பிரித்து வாங்கி, பச்சைப் பாக்கைக் கூறு கட்டி, பக்கத்தில் வெற்றிலைக் கொடியின் காயை அடுக்கி, சுண்ணாம்பைக் குட்டிக் குட்டிப் பொட்டலமாக வைத்துவிட்டு உட்காருவாள்.

"அத்தை, நான் உங்ககிட்டயே விலை எழுதிக்கட்டுமா? மாசம் ஒரு தடவை. ஆபீஸ் சட்டப்படி எப்பவும் அதே ஆளு, அதே சரக்கு. ஒரு கூறு வாங்குவேன், எண்ணுவேன், எடை போடுவேன், எழுதுவேன். வேற ஒண்ணும் இல்ல."

"எழுதுங்க மாப்பிள்ளை. எங்க கையில இருக்கிறது உங்களுக்கு இல்லாமலா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. பாக்குக்கு ஆபீஸ் மூன்று பேரைக் கேட்டது. ஒருத்தி கொனியோ. இன்னொருத்தி கொனியோவின் சித்தி மகள். மூன்றாமவள் ரெனாகியின் சொந்த அத்தை. பாக்கு விற்பவர்களில் மீன் குடல் வீசாதவர்கள் அவனுக்கு அந்த மூன்று பேர்தான்.

ஒரு கூறு ஒரு கினா. நடுவில் ஓட்டை போட்ட காசு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தால் ஒரு கூறு. ரெனாகி வந்த வருஷம் கூறுக்குப் பத்துப் பாக்கு. மேற்கே மூட்டை விலை ஏறியது, லாரிக்காரன் கூலி ஏறியது. ஆனால் கூறு ஒரு கினாதான். விலையை ஏற்றினால் சண்டை வரும், சில்லறை தேட வேண்டிவரும். கூறைச் சுருக்கினால் வாங்குகிறவன் கண் மட்டும்தான் சுருங்கும். இங்கே பேரம் பேசுகிற வழக்கமும் கிடையாது. பேரம் பேசுகிறவன் வெளிநாட்டுக்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் மானம் கெட்டவனாக இருப்பான். பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், காசை வைப்பார்கள். பத்து எட்டானது. எட்டு ஆறானது. ஏழு வருஷத்தில் நாலில் வந்து நின்றது. விலை மட்டும் ஒரு கினாதான், கல்லில் வெட்டியதுபோல.

மாப்பிள்ளைக்கு மட்டும் பத்து. அதற்கு மேல் கொசுறு இரண்டு. நாற்பதாயிரம் கினா பரிசம் போட்டவன் பலகைக்கு முன்னால் வந்து நிற்கும்போது நாலு பாக்கை நீட்ட முடியுமா? கொனியோ அவன் வரும் நாளன்று நல்ல பாக்காகப் பொறுக்கித் தனியே சாக்குக்கு அடியில் வைத்திருப்பாள். பக்கத்துப் பலகையில் கெரேமாக்காரி லாஹோ கத்துவாள்.

"ஏ கொனியோ, உன் மாப்பிள்ளை வர்றார். மலையைக் கட்டு, மலையைக் கட்டு!"

"உனக்கு என்னடி வயித்தெரிச்சல்? உன் மாப்பிள்ளை உனக்கு ஒரு கோழியாவது கொண்டுவந்தானா?"

"கோழி கொண்டுவரல. அதனாலதான் அவன் வந்தா என் பாக்கும் ஊருக்கு என்ன உண்டோ அதேதான்."

ரெனாகி காசை வைப்பான். பன்னிரண்டு பாக்கை எண்ணுவான். தராசில் வைப்பான். எழுதுவான். மற்ற இரண்டு பேரிடமும் அப்படியே. வெண்டைக்குத் தன் ஒன்றுவிட்ட தங்கை, கருவாட்டுக்கு மாமன் மகள். எல்லா இடத்திலும் அவனுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அவன் எண்ணினான், நிறுத்தான், ஒரு பொய் கலக்காமல் எழுதினான்.

நாட்டில் விலை ஏறவில்லை என்பது இப்படித்தான் நிரூபணமாயிற்று.

அதே வருஷங்களில்தான் நாடு வளரவும் ஆரம்பித்தது. மலைநாட்டில் பூமிக்கு அடியில் கிடந்த எரிவாயு குழாய் வழியாகக் கடலுக்கு வந்து கப்பல் ஏறியது. ஊருக்கு எதிரிலேயே அந்தக் கப்பல் போகும், அடுக்குமாடி வீடு நகர்வதுபோல. கொனியோ ஈரவிறகை ஊதிக்கொண்டே அதைப் பார்ப்பாள். ரேடியோவில் மந்திரி பேசினார். நாடு நூற்றுக்குப் பத்து வளர்ந்துவிட்டது, விலைவாசியோ அசையவில்லை, வளரும் நாடுகளில் இந்த இரண்டும் ஒன்றாக நடப்பது அபூர்வம், மற்ற நாட்டுக்காரர்கள் வந்து நம்மிடம் பாடம் கேட்கிறார்கள் என்றார். சர்ச்சில் இதற்காக ஒரு ஜெபமும் செய்தார்கள். கொனியோவும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாள்.

ஆபீஸில் ரெனாகிக்குக் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து மாமனாரிடம் காட்டினான். மொரேயா சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"வளருது வளருதுங்கிறாங்களே மாப்பிள்ளை, எந்தப் பக்கமா வளருது? நான் துறைமுகத்துல முப்பது வருஷமா கயிறு கட்டுறேன், எனக்குத் தட்டுப்படலையே."

"அது மொத்தமா பார்க்கணும் மாமா. தனித்தனியா பார்த்தா தெரியாது."

"ஓகோ. தூரத்துல இருந்து பார்த்தா வீடும் நிமிர்ந்துதான் நிக்குது."

"விலையும் கொஞ்சம் ஏறினா நல்லதுதான்னு சொல்வாங்க. பாக்குக்குச் சுண்ணாம்பு மாதிரி. தொட்டு வச்சா வாய் சிவக்கும். விக்கிறவனுக்கு ஒரு உற்சாகம், வேலை கூடும். அள்ளி வச்சா வெந்துடும். நம்ம நாட்டுல சுண்ணாம்பே வைக்காம வாய் சிவந்திருக்கு. அதுதான் ஆச்சரியம்னு வெளிநாட்டுக்காரங்க எழுதுறாங்க."

"சுண்ணாம்பு வைக்காம வாய் சிவந்தா, அது பல்லு உடைஞ்ச ரத்தம் மாப்பிள்ளை" என்றார் மொரேயா. ரெனாகி படித்த பாடப்புத்தகத்தில் அது இல்லை.

வீடு என்று அவர் சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடு அது. பதினான்கு தூண். அதில் கடல் பக்கத்து ஏழு தூணைப் பூச்சி தின்று, தண்ணீர் மட்டத்தில் இடுப்பு மெலிந்துபோய்விட்டது. தரையில் உருளைக்கிழங்கை வைத்தால் அது தானாகவே கடலைப் பார்க்கப் புறப்படும். தென்கிழக்குக் காற்று கிளம்பும் மாதத்துக்குள் அந்த ஏழையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு அலையில் வீடு மண்டியிட்டுவிடும். மொரேயா வேலை பார்த்த துறைமுகக் கம்பெனி, அரசாங்கம் சொல்லும் விலை ஏற்றம் எவ்வளவோ அவ்வளவு சம்பளத்தை கணக்கு வரும்போதெல்லாம் ஏற்றித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. எழுத்து நல்ல எழுத்துதான். அரசாங்கம் இந்தத் தடவை சொன்ன ஏற்றம் நூற்றுக்கு அரை.

அந்த ஏற்றம் எழுதிய சம்பளச் சீட்டோடு மொரேயா வந்தபோது ரெனாகியும் ஹேனாவோவும் சாப்பிட வந்திருந்தார்கள். மொரேயா மாப்பிள்ளையைக் கவனிக்கவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அரை! நூத்துக்கு அரை! ஒரு தூணு நூத்தம்பது வித்தது, இப்ப முந்நூறு கேக்குறான். கம்பெனிக்காரன் பேப்பரை நீட்டுறான், 'விலை ஏறலையே பெரியவரே, கவர்மென்ட்டே சொல்லுது'ங்கிறான். எந்தக் குருட்டுப் பய எழுதுறான் இந்த விலையை? அவன் கண்ணைக் கொக்கு கொத்த! அவனைப் பெத்தவ..."

கொனியோ கரண்டியைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை தேங்காய்ப்பாலில் வெந்த வாழைக்காயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மாமனார் மருமகனைத் திட்டிவிட்டால் சும்மா விடமுடியாது. மொரேயா உள்ளே போய்த் தம்முடைய புதுச் சட்டையை, மடிப்புக் கலையாததை, கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். அவன் அதைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். பிறகு மெதுவாகப் பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தான்.

"மாமா, நான் ஒண்ணும் கூட்டியோ குறைச்சோ எழுதல. என் கையில என்ன வந்துச்சோ அதைத்தான் எழுதினேன். பாருங்க. பாக்கு, நாலாம் நம்பர் பலகை, அத்தை. ஒரு கினா, பன்னிரண்டு. போன வருஷம் பன்னிரண்டு. அதுக்கு முந்தின வருஷமும் பன்னிரண்டு."

கொனியோ அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். எழுத்து அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனால் எண் வரும். மேலிருந்து கீழே வரைக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

"என் ஒரு கூறு பாக்கா நாட்டையே பிடிச்சு நிறுத்துது மாப்பிள்ளை?"

"நீங்க மட்டும் இல்ல அத்தை. ஆனா நம்ம சனங்க அரிசிக்கு அடுத்தபடியா பாக்குக்குத்தான் செலவு பண்றாங்க. அதனால கணக்குல பாக்குக்குப் பெரிய இடம். பாக்கு நகராம இருந்தா, மத்ததும் பெரிசா நகராது."

"ஊருக்கு நாலுதானே கொடுக்கிறேன். அது உங்களுக்குத் தெரியும்தானே? நாலுன்னு எழுதறதுதானே?"

அவன் அப்பன் கெனோ அப்படியே அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாங்காததை எப்படி அத்தை எழுதுறது? அது பொய்."

"வேற யார்கிட்டயாவது வாங்கி எழுதுங்க."

"குடல் வீசுவாங்க அத்தை."

மொரேயா கொனியோவைப் பார்த்தார். ஹேனாவோ கொனியோவைப் பார்த்தாள். மருமகனும், பார்க்கக் கூடாது என்பதால் தரையைப் பார்த்துக்கொண்டே, பார்த்தான். ஏழு வருஷமாகத் தன் புருஷன் சம்பளத்தைத் தன் கையாலேயே அமுக்கிப் பிடித்திருந்தது தானேதான் என்பது கொனியோவுக்கு அப்போது விளங்கியது. அதுவும் எதனால்? கஞ்சத்தனத்தாலா? மரியாதையால்.

முடிவாயிற்று. அடுத்த மாதம் மாப்பிள்ளைக்கும் நாலு. "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள் கொனியோ. "நானேதானே அத்தை கேக்குறேன், சட்டப்படி அதுதான் சரி" என்றான் அவன். சித்தி மகளுக்கும் அவன் அத்தைக்கும் சொல்லியாயிற்று. அவன் அத்தை மட்டும், "நான் செத்த பிறகு அப்படிக் கொடுக்கிறேன்" என்றாள். பிறகு வீட்டுத் தூணைப் பற்றிச் சொன்னதும் அழுதுவிட்டுச் சம்மதித்தாள்.

அந்த நாள் வந்தது. கொனியோ நாலு பாக்கைக் கூறு கட்டி வைத்தாள். மாப்பிள்ளை வந்தான், காசை வைத்தான். "எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்றாள். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது கை சாக்குக்கு அடியில் போய் ஒரு பிடி அள்ளி அவன் முன்னால் வைத்துவிட்டது. அவள் வைக்கவில்லை, கை வைத்தது. எண்ணினால் பதிமூன்று.

"விலை இறங்கிடுச்சு!" என்று லாஹோ பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நாட்டைக் காப்பாத்திட்டா மகராசி!"

அந்த மாதத்துக் கணக்கில் பாக்கு மலிந்திருந்தது. மந்திரி ரேடியோவில் சந்தோஷப்பட்டார். வீட்டில் சோற்றுப்பானை அடுப்பிலிருந்து நழுவி ஒரு சாண் நகர்ந்தது.

அடுத்த மாதம் கொனியோ சாக்குக்கு அடியில் ஒரு பாக்கும் வைக்கவில்லை. இருந்தால்தானே கை போகும்? இரண்டு கையையும் பாவாடைக்குள் மடித்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை வருவது தெரிந்ததும் சுற்றுப் பலகைகளில் பேச்சு நின்றது. லாஹோகூட வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் வைத்திருந்தாள்.

ரெனாகி காசை வைத்தான். நாலு பாக்கு.

எடுத்தான். எண்ணினான். ஒரு தடவை எண்ணினால் போதாதா, நாலைத்தானே? மூன்று தடவை எண்ணினான். தராசில் வைத்தான். முள் சரியாகக்கூட நகரவில்லை. எழுதினான். எழுதிவிட்டுச் சிறிது நேரம் நின்றான். கொனியோவுக்குத் தெரிந்தது, எதற்காக நிற்கிறான் என்று. பேசி முடிவு செய்தது அவன், கேட்டுக்கொண்டது அவன், சட்டம் சொன்னதும் அவன். இருந்தாலும் அவன் கொசுறுக்காக நின்றான்.

கொனியோ எழுந்திருக்கவில்லை. அடியில் அமுங்கிக்கிடந்த கைகள் மரத்துப்போயின.

"போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்றாள்.

அவன் போனான். லாஹோ தன் பலகையிலிருந்து ஒரு பாக்கை எடுத்துச் சீவி, காயும் சுண்ணாம்பும் வைத்துக் கொனியோவின் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

மறுநாளே ஹேனாவோ வந்து பலகைக்கு முன்னால் நின்றாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"உன் வீட்டுக்காரர் சொல்லித்தானேடி பண்ணினேன்?"

"சொன்னா? அவர் சொன்னா நீ பண்ணிடுவியா? அந்த நாலையும் மேசைமேல வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கார். சோறு இறங்கல."

"வீடு விழுந்துடும்டி."

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதுக்காக எழுந்துகூட நிக்கமாட்டியாமே?"

நான்காம் நாள் ஹூலாவிலிருந்து படகு வந்தது. ரெனாகியின் அம்மா, மூன்று அண்ணன்மார், ஒரு தாய்மாமன். மார்க்கெட்டில் பார்த்தவர்கள் சொல்லி, சொன்னவர்கள் கூட்டிச் சொல்லி, செய்தி கடற்கரை முழுக்கப் போயிருந்தது. ரெனாகி வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தானாம். "நீ சும்மா இரு, உனக்குப் படகுலயே நிக்கத் தெரியாது" என்றுவிட்டார்கள்.

மூத்தவன்தான் பேசினான். "நாப்பதாயிரம் கினா. அறுபது மூட்டை அரிசி. நாலு பாக்கு!"

"அது விலைவாசிக் கணக்குக்காகத் தம்பி" என்றார் மொரேயா. "பணம் வீங்கினதைக் காட்டணும்னு..."

"எங்க தம்பியை ஊருக்கு முன்னாடி ஊராரோட வச்சு அளந்துட்டீங்க. வேற கணக்கு எங்களுக்குத் தெரியாது."

தாய்மாமன் மூங்கில் பாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வீடு என்ன, சாயுதா?"

"சாயுது" என்றார் மொரேயா.

"அதைச் சொல்லியிருந்தா நாங்களே தூண் கொண்டு வந்திருப்போமே."

கொனியோவுக்குத் தெரியும், அது உண்மை. கேட்டிருந்தால் கொண்டுவந்திருப்பார்கள். பெண் கொடுத்த வீட்டார் வாய்விட்டுக் கேட்பதா என்று கேட்கவில்லை. அரசாங்கத்தைக் கேட்கலாம், கம்பெனியைக் கேட்கலாம், சம்பந்தியைக் கேட்க முடியுமா? இப்போது அதற்கும் வழி அடைபட்டுவிட்டது. அவமானப்படுத்திய வீட்டுக்குத் தூண் கொடுக்க ஹூலாக்காரர்களுக்கு என்ன, பைத்தியமா? பேச்சு முடிந்தபோது பரிகாரமாக மொரேயா கொடுக்க வேண்டியது ஒரு பன்றி, ஐந்து மூட்டை அரிசி, ஒரு மூட்டை சர்க்கரை என்று தீர்ந்தது. நாட்டின் முதல் சரியான கணக்குக்கு ஆன செலவு அது.

ஆனால் கணக்கு வெளியே வந்தது. வந்து, குதித்தது. பாக்கு மூன்று மடங்கு, அதோடு சேர்ந்து மொத்தக் கணக்கும் ஏற்றம், நூற்றுக்குப் பதினான்கு. மந்திரி மறுபடியும் ரேடியோவில் வந்தார். விலை ஏறுவது வளர்ச்சியின் அடையாளம், வளரும் பிள்ளைக்குச் சட்டை சின்னதாவது இயற்கை என்றார். முன்னே விலை ஏறாமல் இருந்ததும் வளர்ச்சியால்தான். இப்போது ஏறுவதும் வளர்ச்சியால்தான். மொரேயா ரேடியோவைப் பார்த்து, "இந்த ஆளு எந்தக் காத்துலயும் பாய் விரிப்பான்" என்றார்.

கம்பெனி எழுதிக் கொடுத்தபடி பதினான்கு ஏற்றித் தந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு. மொரேயா அந்தப் பணத்தோடு தூண் விற்பவனிடம் போனார். அவனும் ரேடியோ கேட்பவன்தான்.

"விலையெல்லாம் பதினாலு ஏறிடுச்சாமே பெரியவரே. எனக்குத் தெரியாமலே பழைய விலைக்கு வித்துக்கிட்டிருந்திருக்கேன்!"

தூண் முந்நூற்று ஐம்பது ஆனது. பன்றிக்கும் அரிசிக்கும் போக மிஞ்சியதில் இரண்டு தூண் வந்தது. அதைக் கடல் பக்க மூலையில் நட்டார்கள். வீடு கடலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்க்க ஆரம்பித்தது.

ஆபீஸ் சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில் பதிமூன்று பாக்கு எப்படி நாலாகும் என்று மேலதிகாரி ஒருவர் நேரில் வந்தார். அவரும் ஷூதான். கொனியோவின் பலகைக்கு முன்னால் குனிந்து கேட்டார்.

"அம்மா, விலை எழுத வர்றாரே ரெனாகி, அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கொனியோ வாயைக் கையால் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அதிகாரி நிமிர்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு மாமியார் இருந்தாள். மேற்கொண்டு ஒரு கேள்வியும் தேவைப்படவில்லை.

"எத்தனை வருஷமா?" என்று மட்டும் லாஹோவிடம் கேட்டார்.

"ஏழு" என்றாள் லாஹோ. "மாப்பிள்ளை பாக்கு பன்னிரண்டு, மந்திரி பேச்சு நூத்துக்குப் பத்து. ரெண்டும் இங்கதான் விளைஞ்சுச்சு சார்."

ஆபீஸ் இரண்டு தீர்மானம் செய்தது. ஒன்று, சொந்தக்காரர்களிடம் விலை கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கேட்டு மார்க்கெட்டே சிரித்தது. இந்த ஊரில் சொந்தம் இல்லாதவனிடம் யார் உண்மை சொல்வார்கள்? இரண்டு, பாக்கு மிகவும் ஆடுகிற சரக்கு, ஆடுகிறதை வைத்து நாட்டை அளக்க முடியாது, ஆகவே இனிமேல் பாக்கை விட்டுவிட்டு அளப்பது. பாக்கை விட்டுவிட்டு அளந்ததும் விலைவாசி அடங்கிப்போயிற்று. அடுத்த வருஷம் மொரேயாவுக்கு நூற்றுக்கு முக்கால் ஏற்றினார்கள்.

ரெனாகியை வேலையை விட்டு நீக்கவில்லை. அவன் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லையே, எதற்காக நீக்குவது? லே என்ற தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். மோர்ஸ்பியிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. படகில் போகலாம், அவனுக்கு வாந்தி வரும். விமானத்தில் போகலாம், போய்ப் பார்த்து வரக் கொனியோ வீட்டாரிடம் பணம் கிடையாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் ஹேனாவோவோடு மார்க்கெட்டுக்கு வந்தான். நோட்டு இல்லை, தராசு இல்லை, ஷூவும் இல்லை. மாமனார் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான். இந்தத் தடவை கொனியோ எழுந்து நின்றாள். பின்னல் பை ஒன்றில் கழுத்து வரைக்கும் பாக்கை நிரப்பி அவன் தோளில் மாட்டினாள். அவன் காசு எடுக்கக் கையைப் பைக்குள் விட்டான்.

"எடுத்தீங்கன்னா கையை உடைப்பேன் மாப்பிள்ளை" என்றாள்.

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"அன்னைக்கு எனக்கும் சோறு இறங்கல."

"எழுதினது சரிதான் அத்தை. அது மட்டும் சரிதான்."

"சரியா இருந்துட்டுப் போகட்டும். உங்களை யாரு தப்புன்னா?"

ஹேனாவோ அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வியாபாரம் நடக்கிற நேரம், பலகைக்கு முன்னால் ஆள் நின்றுகொண்டிருந்தது. லாஹோ இரண்டு பலகையையும் தானே பார்த்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் அந்தப் பையை எடை போட்டு, அளவுக்கு மேல் என்று கட்டணம் கேட்டார்களாம். பாக்கின் விலையைவிடக் கட்டணம் அதிகம். ரெனாகி கட்டிவிட்டு எடுத்துப் போனான் என்று மகள் போனில் சொன்னாள்.

தென்கிழக்குக் காற்று வந்தது. வீடு விழவில்லை. சமையல்கட்டு மட்டும் கடலுக்குள் போயிற்று. இப்போது கொனியோ முன்னறையில் சமைக்கிறாள். மீதித் தூண்களைப் பற்றி அவள் ஹூலாக்காரர்களுக்கு ஆள் அனுப்பவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ரெனாகி இப்போது லேயில் இருக்கிறான். குளிர்சாதனம் போட்ட பெரிய கடைகளில், அலமாரியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து விலை எழுதுகிறான். ஹேனாவோவும் கூட இருக்கிறாள். அந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.